மணிக்கட்டில் கயிற்றுத் தடம்

அடி வாங்காமல் வளர்கிற பிள்ளை உருப்படாது என்பது எங்கள் அம்மாவின் கட்சி. அதற்காகவே பனையோலை விசிறி ஒன்றை மார்கழி மாதத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பாள். அந்த விசிறியில் ஓலையைவிடக் காம்புக்குத்தான் வேலை அதிகம்.

ஆனால் பகல் முழுக்க நான் வளர்ந்தது வேறொரு வீட்டில். அம்மாவும் அப்பாவும் காலை ரயிலைப் பிடித்து மதராசில் ஆபீசுக்குப் போகிறவர்கள். ஐந்து வயதாகியும் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஆகவே கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் இருந்த பெரியம்மா வீட்டில் என்னை இறக்கிவிட்டுப் போவார்கள். பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. நாங்கள் விபூதி பூசுகிறவர்கள், அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். தனிக்கட்டை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் ஐந்து பேர் அவளிடம் இருந்தோம். எங்களால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எங்களுக்கு அவள் பெரியம்மா, அவ்வளவுதான்.

முதல் நாளே அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொல்லி வைத்தாள். "இது வாயில விரல வச்சா கடிக்காத மாதிரி நிக்கும், நம்பாதீங்க அக்கா. தப்பு பண்ணினா நாலு போடுங்க."

பெரியம்மா சிரித்தாள். "அதெல்லாம் நமக்கு ஆவாதும்மா. என் வூட்டு வாசப்படிக்கு உள்ள எந்தப் புள்ளைக்கும் அடி வுழாது. யார் கையாலயும் வுழாது."

அதற்காக அங்கே தண்டனையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தப்புச் செய்த பிள்ளையின் மணிக்கட்டில் தன் முந்தானை நுனியைச் சுற்றி லேசாக ஒரு முடிச்சுப் போடுவாள். பிறகு அவள் போகும் இடமெல்லாம் அந்தப் பிள்ளையும் பின்னாலேயே போகவேண்டும். அடுப்படி, கிணற்றடி, துணி உலர்த்தும் கொடி, கோழிக்கூடு. திட்டமாட்டாள். அரிசியில் கல் பொறுக்கச் சொல்வாள், வெங்காயத்தோல் உரிக்கச் சொல்வாள். நடுவில் ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி, "ஆமா, அவன இன்னாத்துக்குக் கடிச்ச?" என்று கேட்பாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் முடிச்சு அவிழும். பொய் சொன்னால் இன்னும் இரண்டு சுற்று கோழிக்கூட்டுக்குப் போய்வர வேண்டும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தண்டனை ரொம்பப் பிடிக்கும். ஐந்து பேருக்குப் பொதுவான பெரியம்மா அந்த ஒரு மணி நேரம் எனக்கு மட்டும் சொந்தம். அவள் புடவையில் பார் சோப்பும் வெங்காயமும் கலந்த ஒரு வாசம் வரும். அதற்காகவே வாரத்துக்கு இரண்டு முறையாவது யாரையாவது கிள்ளி வைப்பேன். முடிச்சு அவிழக்கூடாது என்பதற்காகவே பொய்யும் சொல்வேன். அப்படித்தான் பொய் எனக்குப் பழகியது.

அந்தச் சமயத்தில்தான் ஆறாவதாக அந்தக் குட்டி வந்து சேர்ந்தது. ஒன்றரை வயது. ஒரு நர்சம்மாவின் குழந்தை. கண்ணை மூடித் திறப்பதற்குள் கிணற்றடிக்கு ஓடிவிடும், பிடித்து வந்தால் வீடே அதிர அழும். பெரியம்மா என்ன செய்வாள், காலையிலிருந்து மாலைவரை முந்தானையை அதன் கையில் கட்டிக்கொண்டுவிட்டாள். ஒரு தப்பும் செய்யாத பிள்ளைக்கு நாள் முழுக்க முந்தானை! அக்கிரமம் இல்லையா? எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் இட்லிக்கு ஊறவைத்திருந்த அரிசியை அப்படியே கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். பெரியம்மா அரிசியைப் பார்த்தாள், தோளில் தூங்கத் தொடங்கியிருந்த குட்டியைப் பார்த்தாள்.

"நீ பெரிய பொண்ணாயிட்ட கண்ணு. உனக்கு எதுக்கு முந்தானை? கொல்லையில போய்க் குந்திகினு யோசி. அப்பால வந்து பெரியம்மாகிட்ட சொல்லு."

என் ஜன்மத்தில் அப்படி ஓர் அவமானம் அதற்கு முன் நேர்ந்ததில்லை. கொல்லையில் கொய்யா மரத்தடியில், அறுந்துபோன கிணற்றுக் கயிறு ஒரு துண்டு கிடந்தது. ஒரு நுனியை மரத்தில் சுற்றினேன். மறு நுனியைப் பல்லால் இழுத்து என் மணிக்கட்டில் முடிந்துகொண்டேன். மரத்தைப் பெரியம்மா என்று வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து அழுதேன். தேங்காய் நார்க் கயிறு, தோல் உரிந்துவிட்டது. யாரும் வரவில்லை. நானே அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் வீட்டில் கைகால் கழுவிவிடும்போது அம்மா அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டாள். "இது என்னடி? யார் கட்டினா?"

விசிறி ஆணியில் தொங்கியது. "பெரியம்மா" என்றேன்.

மறுநாள் காலை அம்மா என்னை இழுத்துக்கொண்டு போன வேகத்தில் செருப்பின் வார் அறுந்தது. பெரியம்மா வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். அம்மா என் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நம்பித்தானே அக்கா விட்டுட்டுப் போறோம்? கயிறு போட்டுக் கட்டறதுக்கு இது என்ன ஆடா மாடா?"

பெரியம்மா என் மணிக்கட்டைப் பார்த்தாள். கட்டைவிரலால் தடத்தை மெல்லத் தடவினாள். அவள் பார்வை கொல்லைப்பக்கம் போனது. கொய்யா மரத்தில் கயிறு அப்படியே தொங்கியது, என் இடுப்பு உயரத்தில்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இவங்க முன்னாடியே சொல்லுடி. பொய்னு தெரிஞ்சுது, இங்கேயே தோலை உரிச்சுடுவேன்." அவள் கையில் குடை இருந்தது. குடைக்காம்பு விசிறிக் காம்பைவிடத் தடிமன்.

பெரியம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "சொல்லு கண்ணு" என்றாள். வழக்கமாக முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் கேட்கும் அதே குரல். என் கண் குடையின் மேலேயே இருந்தது. அவளும் ஒரு கணம் குடையைப் பார்த்தாள்.

"கொயந்தய மிரட்டாதம்மா" என்றாள் பெரியம்மா, நிமிர்ந்து. "அது பொய் சொல்லல. நான்தான் கட்டுனேன்."

அன்றைக்கு அம்மா ஆபீசுக்கு லீவு போட்டாள். மறுநாள் ரயிலில் பெண்கள் பெட்டியில் செய்தி ஏறியது. பல்லாவரத்தில் என்னைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள், சைதாப்பேட்டையில் கிணற்றுக்குள் இறக்கியிருந்தார்கள், எழும்பூர் வருவதற்குள் நான் பிழைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. அந்த வாரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அந்தக் குட்டி உள்பட. என்னைப் பெருங்களத்தூரில் சித்தி வீட்டில் விட்டார்கள். சித்தியிடம் அடிஸ்கேல் இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவள் ஏதோ ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள் என்று அம்மா அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. எந்த ஊர் ஹாஸ்டல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஐம்பது வருஷமாக ஓடுகிறது. அம்மா போய்ச் சேரும்வரை அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் பெரியம்மாவைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

தன் வாசப்படிக்குள் எந்தப் பிள்ளைக்கும் அடி விழாது என்று ஒருத்தி சொன்ன சொல்லைக் காப்பாற்ற அன்று எதைக் கொடுத்தாள் என்பது இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. அடியிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது நான் நினைத்தது ஒன்றுதான். பாவம் பெரியம்மா, வயசாகிவிட்டது, கட்டாததைக் கட்டினேன் என்கிறாளே, எல்லாம் மறந்துபோகிறது அவளுக்கு.