சொல்லாமல் விட்ட மூன்று மாதம்

அக்கா குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஏறி வந்த நான் நின்று பார்த்தேன். கயிறு ஏற்கெனவே சரியாகத்தான் கட்டியிருந்தது. அதை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். எதிர்வீட்டு வங்காள அம்மா, எங்களுக்குக் காகிமா, காய்கறிப் பையோடு எங்களைத் தாண்டி மேலே போகும்வரை அது நடந்தது. காகிமா கதவைச் சாத்திய சத்தம் கேட்டதும் சுவரில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். ஓடி முடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முகம் சிவந்திருக்கும். அக்காவின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"ஒரு நிமிஷம் இரு குட்டி, சேர்ந்து போவோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாட்ட சொல்லாத."

துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதின்மூன்று வயது. அக்காவுக்கு இருபது.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கல்கத்தாவின் கிடர்பூரில் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே துறைமுகக் குடியிருப்பில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டார். அக்கா ஓட்டக்காரி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவாள். விடியற்காலையில் மைதானத்தில் பயிற்சி, அப்புறம் கல்லூரி, வாரத்தில் மூன்று நாள் சாயங்காலமும் ஓட்டம். பிப்ரவரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கான தேர்வு இருந்தது. அப்பா ஓய்வு பெற இரண்டு வருஷமே மிச்சம். ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அந்த வேலை கிடைத்தால் குடும்பம் கல்கத்தாவிலேயே இருக்கலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அக்காவின் கால்களைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மரியாதையோடுதான் பேசினோம்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குக் காட்டு ஆசை வந்தது. குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய்வர அரசு ஊழியர்களுக்கு ரயில் செலவு தருகிற சலுகை உண்டு. எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அதை வைத்துக்கொண்டு ஊருக்குத்தான் போவார்கள். நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தத் தடவை அப்பா, "ஜல்தாபாராக் காட்டுக்குப் போவோம். அங்கேருந்து அப்படியே அஸ்ஸாமுக்கு, காசிரங்கா. இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு காண்டாமிருகத்தப் பாக்காம போனா எப்படி?" என்றார். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஸ்வெட்டர்களை வெயிலில் போட ஆரம்பித்தாள். அப்பா ஒரு முழுத்தாளில் கோடு போட்டு, நாள்வாரியாக வண்டி நேரம், தங்கும் விடுதி, யானைச் சவாரி எல்லாவற்றையும் எழுதி, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். டிசம்பர் கடைசியில் பத்து நாள். விடுதியில் அறை ஒதுக்கி வந்த கடிதத்தை அவர் எங்களுக்குப் படித்துக் காட்டியதுபோல வேறு எந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டியதில்லை. நான் என் பூகோள நோட்டில் பக்கம் பக்கமாகக் காண்டாமிருகம் வரைந்தேன்.

அக்காவுக்குத்தான் சங்கடம். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் பத்து நாள் ஓடாமல் இருக்க முடியாது என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லிவிட்டார். மைதானத்தில் எல்லோரும் அவரை 'தாதா' என்பார்கள், வங்காளத்தில் அண்ணன். அவரிடம் அக்கா ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். நவம்பர் முழுக்க வாரம் ஆறு நாளும் இரண்டு வேளை ஓடுவது, காட்டுக்குப் போகும்போதும் ஷூவை எடுத்துப் போய் விடுதி வாசலில் ஓடுவது. பயணத்தையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கட்டி இழுக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அப்பா, "கஷ்டமா இருந்தா சொல்லு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொன்னபோது அவள் சிரித்தாள். "நான் இழுத்துப் பிடிச்சு ஓடிருதேன்ப்பா. நீங்க டிக்கெட்டப் போடுங்க."

நவம்பர் நடுவில் அவளுக்கு அசதி மிஞ்சிப் போயிற்று. எல்லோரிடமும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மாவுக்கு அது சாப்பாட்டுக் குறை. முட்டையும் கேப்பைக் கஞ்சியும் கூடின. தாதாவைக் கேட்டால் சோம்பல். அப்பாவுக்குப் பனிக்காலப் புகை, அடுப்புக் கரியும் லாரிப் புகையும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கிறது என்பார். அக்காவோ, எல்லா ஓட்டக்காரர்களுக்கும் இப்படி ஒரு மாதம் வரும், தாண்டினால் சரியாகிவிடும் என்றாள். எனக்கு மட்டும்தான் படிக்கட்டு தெரியும். ஆரம்பத்தில் ஒரே இடத்தில் உட்காருவாள். பிறகு இரண்டு இடத்தில். டிசம்பரில் ஒவ்வொரு திருப்பத்திலும். மல்லாந்து படுத்தால் இருமல் வருகிறது என்று இரண்டு தலையணைகளைச் சுவரில் சாய்த்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஒரே கட்டிலில் படுத்திருந்த எனக்கு அது தெரியும். அக்காவின் இரகசியம் என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே என்னை நேராகக் கேட்டாள். "ஏட்டி, ஒங்க அக்கா படியேறி வரும்போது எங்கயாவது உக்காந்து உக்காந்து வாராளா?"

"இல்லையே" என்றேன்.

"காகிமா என்னமோ சொன்னாங்க."

"ஷூ கயிறு அவுந்திருக்கும்மா. அதான் கட்டுவா."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்று அதற்குப் பல வருஷம் நானே பெயர் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. அம்மா கேட்ட அந்த நிமிஷத்தில் என் மனதில் அக்காவே இல்லை. பீரோக் கதவில் ஒட்டியிருந்த தாள்தான் இருந்தது. அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனால், டாக்டர் ஏதாவது சொன்னால், அப்பா பயணத்தை நிறுத்திவிடுவார். கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

ஜல்தாபாராவில் இறங்கிய மறுநாள் காலை யானைச் சவாரி. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. யானை மேல் ஏறுவதற்கு மரத்தால் ஒரு மேடை கட்டி, படி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று படி இருக்கும். அக்கா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. குளிர் என்று அப்பா தன் மப்ளரைக் கழற்றிக் கொடுத்தார். பாகன் அவசரப்படுத்தினான். "நீங்க போங்க. குட்டியக் கூட்டிட்டுப் போங்கப்பா. நான் அம்மாகூட இருக்கேன்" என்றாள் அக்கா. அப்பா தயங்கினார். நான் ஏற்கெனவே மேடை மேல் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டு அவரும் ஏறி வந்தார்.

காண்டாமிருகத்தைப் பார்த்தோம். ஆளுயரப் புல்லை யானை விலக்கிக்கொண்டு போனபோது, ஓர் ஓடைக் கரையில் தாயும் குட்டியுமாக நின்றன. நனைந்த பாறைபோல இருந்தது தாய். எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான ஒரு மணி நேரம் அதற்கு முன்பு இருந்ததில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அந்தப் புல்லின் வாடை வருகிறது.

திரும்பி வந்தபோது அக்காவை மேடைக்குக் கீழே பெஞ்சில் அம்மா தாங்கிப் பிடித்திருந்தாள். அம்மாவின் கையிலிருந்த கைக்குட்டையில் இளஞ்சிவப்பு நுரை. வனத்துறை ஜீப்பில் பக்கத்து ஊர் டாக்டரிடம் போனோம். ஓட்டு வீட்டின் முன்னறைதான் அவருடைய மருத்துவமனை. திரைக்குப் பின்னால் அக்காவை உட்கார வைத்து ஊசி போட்டுவிட்டு வந்தார். அம்மா உள்ளேயே அவளோடு இருந்தாள். டாக்டர் அப்பாவிடம் வங்காளத்தில், இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கியிருக்க வேண்டும், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டார். வந்ததுண்டு, அவளுக்கு ஒன்பது வயதில். மூச்சுத் திணறல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். "நேற்றிலிருந்து. ரயில் குளிர்" என்றார் அப்பா. டாக்டர் தலையை ஆட்டி, நேற்று வந்ததல்ல இது என்றார்.

"மூணு மாசமா" என்றேன் நான், வங்காளத்தில். "பூஜைக்கு முன்னாடியிருந்து. படிக்கட்டில் உட்காருவாள்."

அப்பா என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இத அம்மாட்ட சொல்ல வேண்டாம்" என்றார். அன்றைக்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

காசிரங்கா போகவில்லை. கல்கத்தா திரும்பியதும் அறுவைச் சிகிச்சை நடந்தது. நெஞ்சுக்கு நடுவில் நீளமாகத் தையலோடு அக்கா வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அந்த வேலைக்கான தேர்வும் நடந்து முடிந்தது. மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று அப்பா பெரிய டாக்டரிடம் கேட்டதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். நோய் வருஷக்கணக்காக இருந்தது, ஓடாமல் இருந்திருந்தால் இதயம் இவ்வளவு வீங்கியிருக்காது, ஆனால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார். அந்த 'ஆனால்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாவும் நானும் அப்புறம் காலம் தள்ளினோம் என்று நினைக்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்றதும் கல்கத்தாவிலேயே சிறிய வாடகை வீடு ஒன்றுக்குப் போனோம், தரைத் தளத்தில். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருஷம் கழித்து அந்த வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. பரிசோதனைக்கு நான்தான் கூடப் போவேன். வேலை கிடைத்த பிறகும் சால்ட் லேக்கில் என் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன். அக்கா வேண்டாம் என்பாள். பிறகு பழகிவிட்டாள். பஸ்ஸில் இருக்கும்போது மைதானம் வந்தால் அவள் மறுபக்கம் பார்ப்பாள் என்று நான் எதிர்பார்ப்பேன். அப்படி இல்லை. நன்றாகத் திரும்பி, ஓடுகிறவர்களையே பார்ப்பாள். "அவ கையப் பாரு, எப்படி வீசுதா. தோள் இறுகிப் போகும்" என்பாள்.

அப்படி ஒரு பரிசோதனை நாளில், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அம்மா கேட்டது, நான் சொன்ன பொய், பீரோக் கதவு, எல்லாவற்றையும். நீ சொல்லாதே என்றதற்காக நான் சொல்லாமல் இருக்கவில்லை என்றேன்.

"தெரியும்" என்றாள். "அந்த மாசம் பூரா நீ வேற என்ன பேசின? காண்டாமிருகம்தான."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைத் தேற்றவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்தாள், இரத்தம் நிற்கவில்லை, மறுபடி அழுத்திக்கொண்டாள். வரிசையில் இரண்டு பேரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"நான் சொல்லாதன்னுதான் சொன்னேன். ஆனாலும் நீ சொல்லியிருக்கலாம், குட்டி."

கோபமில்லாத குரல். பதினோரு வருஷத்தில் அவள் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு தடவைதான். வெளியே வந்ததும் டீ குடித்தோம். அடுத்த மாதத்துக்கான தேதியை என் டைரியில் குறித்துக்கொள்ளச் சொன்னாள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் பள்ளிக்கூட அலுவலகத்தில் நாற்காலியில் இருந்தபடியே சரிந்தாள். மூளையில் இரத்தக் கட்டி. இரண்டு நாள் இருந்தாள், கண் விழிக்கவில்லை. முப்பத்திரண்டு வயது.

இப்போது என் அலுவலகத்தில் எனக்குக் கீழே ஐந்தாறு பேர் வேலை செய்கிறார்கள். போன குளிர்காலத்தில் அவர்களில் ஒரு வங்காளப் பெண் சாப்பாட்டு நேரங்களில் மேஜையில் தலையை வைத்துப் படுத்திருப்பதைக் கவனித்தேன். லிஃப்ட் ஓடாமல் எல்லோரும் படியேறிய ஒருநாள் அவள் முதல் மாடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கேட்டேன். தீதி, வங்காளத்தில் அக்கா, என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். ஒன்றுமில்லை தீதி, யாரிடமும் சொல்லாதீர்கள், பதவி உயர்வு நேரம், அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வாள் என்றாள்.

அன்று சாயங்காலமே அவளுடைய வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இதயம், நுரையீரல், இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். கொஞ்சம் இரத்தச் சோகை, தூக்கமின்மை, வேறொன்றுமில்லை. ஆனால் அவள் பயந்தபடியே வீட்டில் ரகளையாகி, இரண்டு மாதம் அவளைச் சம்பளமில்லாத விடுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. திரும்பி வந்த நாளில் என் மேஜைக்கு வந்து நின்று, "நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இன்றுவரை வேலை விஷயம் தவிர என்னோடு பேசுவதில்லை.