மூலை மைக்

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் பியானோ வாசிப்பவள். பதினாறு வருடமாக இசையமைப்பாளர் என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. நானும் அண்ணனும் சேர்ந்து உட்காருவோம். அவன் செல்லோ, வயலினைவிடப் பெரிய வில் வாத்தியம். எதையும் எழுதிவைக்காமல், அந்த நிமிடம் தோன்றுவதை வாசிப்போம். பிறகு பதிவைக் கேட்டு நான் தாளில் எழுதுவேன். மேலே என் பெயரை மட்டும் போடுவேன்.

முடிப்பது மட்டும் அவன் வேலை. செல்லோவின் மரத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டுவான். டொக்... டொக். அதோடு இருவரும் நிறுத்திவிடுவோம். எனக்கு என்றைக்கும் முடிக்கத் தெரிந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தன் பெயரையும் போடச் சொன்னான். "நீ வெறும் கை. மூளை என்னுது" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. எனக்கு எதுவும் தோன்றுவதும் நின்றது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புதிய படைப்பை அனுப்பியாக வேண்டும். தவறினால் வெள்ளிக்கிழமை மேடை வேறொருவனுக்கு. என் பிழைப்பு அத்தோடு சரி.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவாளர். பழைய பழக்கத்தில், அண்ணன் உட்காரும் மூலை நாற்காலிக்கு முன்னாலும் ஒரு மைக் வைத்திருந்தார்.

"அங்க யார் உட்காரப் போறா, உங்க மாமனாரா?" என்று எரிந்து விழுந்தேன்.

3.12. விரலை வைத்தேன்.

வந்தது! மூன்று வருடமாக வராதது கொட்டோ கொட்டென்று கொட்டியது.

3.25. ஹெட்ஃபோனில் ஓர் உரசல். கம்பியில் வில் இழுபடும் சத்தம்... நான் வாசிப்பதற்கு அரை நொடி முன்னால்.

3.30. போதும் என்று நினைத்தேன். கை நிற்கவில்லை.

"மேடம், நிறுத்துங்க. ரொம்ப நேரமாச்சு."

"முடியல!"

3.44. நகம் பிளந்தது. கட்டைகளில் ரத்தம்.

"அண்ணா... விட்டுடு..."

3.51.

டொக்... டொக்.

கை மடியில் விழுந்தது.

பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. "மூலை மைக்ல செல்லோ கேக்குது மேடம். அது வாசிக்கறதைத்தான் நீங்க அப்படியே திருப்பி வாசிக்கறீங்க."

போடச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். ஆனால் மணி நாலே கால்.

"அந்த மைக்கை வெட்டிடுங்க. பியானோ மட்டும் போகட்டும்."

"பேரு?"

"என் பேருதான். வேற யார் பேரு?"

ஆறு மணிக்கு அண்ணி போன் செய்தாள். மூன்று வருடத்தில் முதல் முறை.

"உங்கண்ணன் போயிட்டார். ரெண்டு மாசமா ஆஸ்பத்திரி. உனக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டார். மூணு பன்னெண்டுக்கு மூச்சு நின்னுடுச்சு. டாக்டரே சொல்லிட்டார்... ஆனா விரல் மட்டும் போர்வை மேல ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாராலயும் பிடிச்சு நிறுத்த முடியல. மூணு அம்பத்தொண்ணுக்குக் கட்டில் கம்பியில ரெண்டு தட்டு தட்டினார். அப்புறம்தான் அடங்குச்சு."

இதை எழுதுவது வியாழக்கிழமை. நாளை மேடையில் அதே படைப்பை நான் வாசிக்க வேண்டும். டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. ஆரம்பித்துவிடுவேன், அதில் சந்தேகமில்லை.

தட்டத்தான் ஆளில்லை.