பகலில் வீடு திரும்பியவர்

எங்கள் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. நாங்கள் குடிவந்து, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகும் அளவுக்கு ஆகிவிட்டது. அப்படியும் எதிர்வீட்டு டெய்லரம்மா ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் வெளிநாட்டுலயா இருக்காரு?" என்று என்னிடம் கேட்டாள். தினமும் வீட்டுக்குத்தான் வருகிறார் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அவள்மேல் தப்பில்லை. எங்கள் பகுதியே அப்படித்தான். நகரத்தில் வீடு பார்க்க முடியாதவர்கள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே வந்து, கட்டுப்படியாகிற இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். அந்த இடம்தான் இது. விடிவதற்கு முன்னால் தெருவெல்லாம் செருப்புச் சத்தம் ஸ்டேஷன் பக்கமாகப் போகும். அது அடங்கிவிட்டால் பகல் முழுக்கத் தெரு எங்களுக்கும் பூனைகளுக்கும் காய்கிற துணிகளுக்கும்தான். இருட்டிய பிறகு அதே சத்தம், கொஞ்சம் தேய்ந்துபோய், திரும்பி வரும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டால் அவரைக் கூப்பிடுவார்கள். போனதும் கருவிப் பையைத் திறக்க மாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்து, "நான் இங்கதான் இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. சாப்டாச்சா?" என்பார். உள்ளே கதவை உதைத்துக்கொண்டிருப்பவர்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவாராம். "பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டா பாதி பயம் போயிடும்" என்பார்.

யார் யாரிடமோ கதவு வழியாகப் பேசுகிற மனிதர், பெற்ற மகளிடம் பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் அவர் கிளம்பும்போது அவள் தூங்குவாள். அவர் வரும்போதும் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவர் தூங்குவார்.

எங்கள் பொடிசு என்னை நீ என்பாள், அவரை நீங்க என்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று அவருக்குப் பெருமை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிற போகிறவர்களையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க எப்பக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அப்புறம் போய் வெகுநேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் பள்ளியில் விளையாட்டு நாள் வந்தது. பெற்றவரும் பிள்ளையும் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற மூன்றுகால் ஓட்டம் உண்டு. "என் கூட அப்பா ஓடுவார்" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்து நின்றாள் மகள்.

"நான் ஓடறேனே" என்றேன். கூட்டம் என்றாலே எனக்குக் கை சில்லிட்டுவிடும். இருந்தாலும் சொன்னேன்.

"நீ இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும்மா. எனக்கு அப்பாவே கிடையாது, நான் சும்மா கதை விடறேன்னு ரெட்டைச்சடை சொல்றா." ரெட்டைச்சடை அவள் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள்.

அவரிடம் சொன்னபோது தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. "வாரநாள்லயா?"

"வாரநாள்லதான் பள்ளிக்கூடம் நடத்தறாங்க" என்றேன்.

அவருடைய சூப்பர்வைசர், "தினம் நீ ரயிலுக்கு ஓடறியே, பொண்ணைக் கூட்டிட்டு வந்து அதைக் காட்டினா போதாதா?" என்று கேட்டாராம். ஆனாலும் அரை நாள் லீவு கொடுத்தார். அன்றைக்கு எவரும் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் என்று ஒரு கொக்கி போட்டுத்தான்.

அந்த ஞாயிறு அவர் தூங்கவில்லை. என் பழைய துப்பட்டாவைக் கிழித்துக் காலைக் கட்டிக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருவரும் பழகினார்கள். அவர் ஒரே இழுப்பாக இழுத்தார். இருவரும் விழுந்தார்கள், தண்ணீர் வாளியும் கூடவே உருண்டது.

"நீங்க என்ன ரயில் பிடிக்கவா போறீங்க?" என்றாள் மகள். "கட்டின கால் முதல்ல. அப்புறம் சும்மா கால்."

மறுபடி விழுந்தார்கள். "இவ்ளோ பெரிய ஆளுக்கு நடக்கத் தெரியலம்மா" என்று என்னிடம் புகார் வந்தது.

அந்த நாளும் வந்தது. மைதானத்தின் ஓரத்தில், மதிலை ஒட்டி இடம் பார்த்து நின்றேன். இப்படிப்பட்ட நாளுக்கென்று லீவு போட்டுவிட்டு வந்த அப்பாக்கள், வெயில் பழகாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் போன் செய்தார். கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு டாக்டர் லிஃப்டில் மாட்டிக்கொண்டாராம், வெளியே எடுத்துவிட்டு இப்போதுதான் ரயில் ஏறினாராம். பெட்டி முழுக்கக் காலியாம். அப்படியும் பழக்க தோஷத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்திருக்கிறார். "உக்காருங்க சார், சீட்டு என்ன கடிக்கவா போகுது?" என்று டிக்கெட் பரிசோதகர் சொல்லித்தான் உட்கார்ந்தாராம்.

ரயில் வந்திருக்கும், ஆளைக் காணோமே என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன்.

"ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நம்ம வீடு எங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் அங்கிருந்து பள்ளிக்கு வழி சொல்லியிருந்தேன். வீட்டுக்கே வழி தெரியாமல் போகும் என்று யார் கண்டது? அவர் அந்தத் தெருக்களில் நடந்ததெல்லாம் இருட்டில்தான். மருந்துக்கடையின் பச்சை விளக்கு வந்தால் திரும்ப வேண்டும். டி.வி. வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும் ஜன்னல் வந்தால் நேரே. கடைசியில் நான் போட்டு வைத்திருக்கும் வாசல் விளக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். இப்போது பட்டப்பகல், எந்த விளக்கும் எரியவில்லை.

"எல்லா வீடும் ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது" என்றார். மூச்சு வாங்கியது.

டீச்சர் மூன்றுகால் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார். ரெட்டைச்சடையும் அவள் அப்பாவும் காலைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். என் மகள் துப்பட்டாத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தனியாக நின்றாள்.

"எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"மதில்மேல தலகாணி காயுது. பூப்போட்டது."

"அந்த மதில்ல பாதி வாலோட ஒரு பூனை இருக்கா?"

"இருக்கு. என்னையே முறைக்குது."

"அது முதுகுப் பக்கம் ஒரு சந்து போகும். அதுல நுழைங்க. வெள்ளைத் தண்ணித்தொட்டி வரும். வீட்டுக்குப் போகவேணாம், அங்கேருந்து பிள்ளைங்க சத்தம் கேக்கும். அதைப் புடிச்சுக்கிட்டே ஓடி வாங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் கத்திப் பேசிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அதற்குள் மகள் ஓடிவந்து போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அப்பா, நான் இங்கதான் இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. சாப்டாச்சா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ தெரியாது. "அப்ப சீக்கிரம் வாங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

டீச்சர் விசிலை வாயில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்து எடுத்தார். மறுபடி வைத்தார். அப்போதுதான் வாசலில் அவர் தெரிந்தார். சட்டையெல்லாம் கிரீஸ், தோளில் கருவிப் பை, கையில் சாப்பாட்டுப் பை. கருவிப் பையைக் கழற்றிப் போட்டார். மகள் குனிந்து தானே முடிச்சுப் போட்டாள். சாப்பாட்டுப் பையை அவர் விடவில்லை. அது கையில் இல்லாமல் ஓடி அவருக்குப் பழக்கமில்லை.

டீச்சர் விசிலை ஊதினார்.

நின்றவர்கள் எல்லாரும் வருஷக்கணக்காக ரயிலுக்கு ஓடியவர்கள். கிளம்பிவிட்ட ரயிலில் தொற்றப் போகிறவர்கள் மாதிரியே பாய்ந்தார்கள். பிள்ளைகளின் கால் அங்கே, அப்பாக்களின் கால் இங்கே. பாதிப் பேர் மண்ணைக் கவ்வினார்கள். இவரும் பாயத்தான் போனார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கட்டின கால். சும்மா கால். கட்டின கால். நீ அவசரப்படாதப்பா."

"சரிம்மா."

"பேசாத. கட்டின கால்."

விழுந்தவர்களைச் சுற்றிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாகப் போனார்கள். போகப் போக அந்த நிதானமே வேகமானது. முன்னால் ரெட்டைச்சடையும் அவள் அப்பாவும் மட்டும்தான். எல்லைக் கயிறு கண்ணில் பட்டதும் அந்த அப்பாவால் தாங்க முடியவில்லை, ரயில் படிக்கட்டில் தாவுகிற மாதிரி ஒரு தாவு தாவினார். இருவரும் உருண்டார்கள். எங்கள் வீட்டு மூன்று கால்கள் அவர்களைத் தாண்டிப் போயின. கயிறு மகளின் நெற்றியிலும் அவர் வயிற்றிலும் பட்டு அறுந்தது.

நான் கைதட்டினேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினேன்.

மகள் கத்தவில்லை, குதிக்கவும் இல்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் எங்க அப்பா" என்றாள்.

ரெட்டைச்சடை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவே இருக்காரு" என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது முடிச்சை அவிழ்க்க மகள் விடவில்லை. இரண்டு பைகளையும் நான் தூக்கிக்கொண்டேன். தெருவையே அடைத்துக்கொண்டு இருவரும் முன்னால் நடந்தார்கள். வழியெல்லாம் அவள் காட்டிக்கொண்டே போனாள்: இதுதான் தண்ணித்தொட்டி, இதுதான் அந்தப் பூனை, இதுதான் உன் பச்சை விளக்கு, பகல்ல இப்படித்தான் இருக்கும்.

"இந்த மாடி வீடு எப்பக் கட்டினாங்க?" என்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"நாம குடிவந்தப்பவே இருந்துதுங்க."

டெய்லரம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். மகள் அவள் எதிரே நின்றாள். கட்டியிருந்ததால் அவரும் நிற்க வேண்டியதாயிற்று.

"வெளிநாடெல்லாம் இல்ல ஆன்ட்டி" என்றாள் மகள். "இங்கதான் இருக்காரு."