ஆசனூர் சாலையில் ஒரு மல்லாட்டை மூட்டை

“கல்யாணத்த போட்டோ புடிச்சா மாப்பிள்ள வூட்டுக்காரன் துட்டு குடுப்பான். மானைப் புடிச்சா எவன் குடுப்பான்? மானா வந்து குடுக்கும்?” என்று ஒரு பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் என் சித்தப்பா. இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சாம்பார் வந்துகொண்டிருந்தது, வேறென்ன செய்ய?

போன வருடம் பங்குனி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். திண்டிவனம் பக்கத்தில், ஓமந்தூரைத் தாண்டினால் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்ததும் கல்லூரிக்குப் போனதும் நான்தான் முதல் ஆள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. விலங்கியல் முடித்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோ கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஏரிகளுக்குப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் காட்டுயிர்ப் படமெடுப்பதற்கான ஒரு பயிற்சிக்கு ஆள் எடுக்கப்போவதாகத் தெரிந்தது. உதவித்தொகையோடு ஒரு வருடம். பத்துப் படங்கள் அனுப்ப வேண்டும். என்னிடம் தேறியவை ஒன்பது. எல்லாமே நாரையும் கூழைக்கடாவும் ஏரித் தண்ணீரும். பத்தாவதாக ஒரு யானை இருந்தால்தான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று மனதில் விழுந்துவிட்டது.

அம்மாவின் தம்பி வாடகை வேன் ஓட்டுகிறார். சவாரி இல்லாத சில நாட்களில் சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை என்று ஒரு சுற்றுச் சுற்றிவர ஒப்புக்கொண்டார். மசினகுடியில் என் கல்லூரித் தோழியின் வீட்டில் தங்கல். அம்மாவும் கிளம்பிவிட்டார். “கோயில் யானைக்கு வாழைப்பழம் குடுத்ததோட சரி. காட்டு யானைய நானும்தான் பாக்கறேனே” என்றார்.

காட்டு வழியில் தின்பண்டம் எதுவும் வேண்டாம், வாசனைக்கு யானை வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அம்மா தலையாட்டினார். ஆனால் அப்போது எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கை இன்னும் காயவில்லை. எங்கள் பக்கம் மல்லாட்டை பிடுங்கிய நேரத்தில் ஒரு வீட்டுக்குப் பச்சைக்காய் இல்லாமல் போவது, அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போவதைவிட மோசம். அம்மா ஒரு சிறு மூட்டையைக் கட்டி, வேனின் பின்பக்கம் வைத்து, மேலே போர்வைகளை அடுக்கிவிட்டார். பண்ணாரி சோதனைச் சாவடியில் பின்னால் என்ன என்று கேட்டபோது, “போர்வைங்க” என்றார். எனக்கும் அது போர்வையாகத்தான் தெரிந்தது.

திம்பம் மலை வளைவுகளில் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். மேலே ஏறியதும் காடு வறண்டு கிடந்தது. இலை உதிர்த்த மரங்கள், வெளிறிய மூங்கில், கருகிய புல். வண்டியை நிறுத்தாமல் ஜன்னல் வழியே படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆசனூரைத் தாண்டி ஒரு திருப்பத்தில் முன்னால் போன பஸ்ஸும் இரண்டு கார்களும் நின்றன. சாலை ஓரத்தில் ஒரு பெண் யானை, காலுக்கிடையில் குட்டி. சாயங்கால வெயில் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது. இதற்காகத்தானே வந்தோம் என்று கேமராவைத் தூக்கினேன்.

யானை குட்டியை விட்டுவிட்டு நடந்து வந்தது. பஸ்ஸைத் தும்பிக்கையால் மோந்து பார்த்தது, விட்டது. முதல் காரை விட்டது. அடுத்த காரையும் விட்டது. அவை ஒவ்வொன்றாக மெல்ல நகர்ந்து போய்விட்டன. யானை நேராக எங்களிடம் வந்தது.

“எல்லா வண்டியும் உட்டுட்டு நம்மாண்ட ஏன் வருது?” என்று மாமா கிசுகிசுத்தார்.

யானை வேனைச் சுற்றிப் பின்பக்கம் போனபோதுதான் அம்மா தம்பியிடம், “பின்னாடி மல்லாட்டை கீதுடா” என்றார்.

“அடப்பாவி அக்கா” என்று மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உறைந்துபோனார்.

பின்பக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தும்பிக்கையின் நுனி உள்ளே வந்து போர்வையைத் தடவியது. கன்றுக்குட்டியின் மூக்குப் போல ஈரமாக இருந்தது. நிலத்தில் காட்டுப்பன்றி வந்தால் கத்தியே விரட்டுகிறவர் அம்மா. பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார். நான் கையால் பொத்தினேன். உடனே அவர் எழுந்து, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு மூட்டையைத் தூக்கினார்.

“தூக்கிப் போட்டுட்றேன்டி. துன்னுட்டுப் போவட்டும்.”

நான் மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பகுதியில் கரும்பு லாரிகளை மறித்துப் பழகிய யானைகள் உண்டு என்று படித்திருந்தேன். “போடாதம்மா. இன்னிக்கு நம்ம மூட்டைய துன்னா, நாளைக்கு எல்லா வண்டியையும் மறிக்கும். அப்புறம் மயக்க ஊசி போட்டு லாரில ஏத்திக்கினு பூடுவாங்க. குட்டி தனியா நிக்கும்” என்றேன்.

வேன் ஒருமுறை ஆடியது. ஜன்னலுக்கு வெளியே, என் முகத்துக்கு நேராக அதன் கண். சுருக்கங்களுக்கு நடுவே தேன் நிறத்தில், ஈரத்தோடு. கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. என் இரண்டு கைகளும் மூட்டையில் இருந்தன. விட்டால் படம் கிடைக்கும், மூட்டை வெளியே போகும்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு மூட்டையை ஒரே இழுப்பில் எங்கள் பக்கம் இழுத்து, கீழே போட்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, புடவையை இழுத்து மூடிக்கொண்டார்.

“மாமா, ஹாரன் அடிக்காத. மெதுவா முன்னாடி போ” என்றேன்.

வேன் ஊர்ந்தது. பின் கண்ணாடியில் ஓர் அறை விழுந்தது. கண்ணாடி வலைபோல விரிந்தது, ஆனால் கொட்டவில்லை. யானை கொஞ்ச தூரம் தொடர்ந்து வந்தது. குட்டி கத்தியதும் நின்று திரும்பியது.

அப்போதுதான் என் கை கேமராவுக்குப் போனது. திரும்பி ஒரே ஒரு படம் எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

காட்டையும் மாநில எல்லையையும் தாண்டி முதலில் வந்த ஊரில், ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். மாமா கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “யானை வூட்டுக் கல்யாணத்துக்கு என் வண்டிக் கண்ணாடிய மொய் வெச்சிட்டியே அக்கா” என்றார். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூட்டையை அப்படியே கடைக்கார அம்மாவிடம் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. இருவரும் சேர்ந்து பெரிய குண்டானில் உப்புப் போட்டு அவித்தார்கள். டீ குடிக்க வந்தவர்கள், லாரி ஓட்டுநர்கள் என்று எல்லாரும் தின்றோம். மூட்டை காலியானது.

“குட்டி தனியா நிக்கும்னு சொன்ன பாரு, அதான்டி. இல்லாங்காட்டி போட்டிருப்பேன்” என்றார் அம்மா, மல்லாட்டையை உரித்துக்கொண்டே.

அடுத்த நாட்களில் எனக்கு அதிர்ஷ்டம் கொட்டியது. பந்திப்பூரில் காட்டெருமைகள். முதுமலையில் ஆற்றில் இறங்கிக் குளிக்கும் யானைக் கூட்டம், தண்ணீர்த் துளிகள் வெயிலில் மின்ன, நாள்காட்டியில் போடுகிற மாதிரி ஒரு படம். பத்தாவது படம் கிடைத்துவிட்டது என்று தோழி கைதட்டினாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அந்த இன்னொரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா தலைமுடி கலைந்து, வாயை இறுக்கி, மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் விரிசல் விட்ட கண்ணாடி. அதற்கும் பின்னால், விரிசல்களுக்கு நடுவே, குட்டியோடு காட்டுக்குள் இறங்கும் யானையின் முதுகு. இரண்டு தாய்களும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதை அனுப்புவது என்று ஒரு வாரம் தூங்கவில்லை. ஆற்றுப் படம் யாரையும் ஏமாற்றாது. இதையோ குடும்பப் படம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கிருந்த ஒரே வாய்ப்பு அது. கடைசியில் இதைத்தான் அனுப்பினேன். மூட்டை எங்களுடையது, தவறும் எங்களுடையது என்று கீழே எழுதினேன். அம்மாவிடம் சொன்னபோது, “தலையகூட வாரல. அதப்போயி அனுப்பிக்கினு கீற” என்று திட்டினார்.

நேர்காணலில் அவர்கள் மற்ற ஒன்பது படங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த மூட்டையை ஏன் தூக்கிப் போடவில்லை என்று மட்டும் கேட்டார்கள். நான் சொன்னேன். அடுத்த மாதம் அழைப்பு வந்தது.

காட்டைப் படமெடுக்க வேண்டுமானால் மனிதர் கண்ணில் படாத இடமாகத் தேடிப் போக வேண்டும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்தத் தேன் நிறக் கண் இப்போதும் நினைவில் வரும். அதை எடுக்காமல் விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. கேமராவைத் தொடாமல் இருந்த அந்த நிமிடத்தில்தான் இந்த வேலைக்கு நான் தகுதியானேன் என்று நினைக்கிறேன். ஸ்டுடியோ வேலையை விட்டாயிற்று. காட்டோரத்தில் பயிர் வைத்துக்கொண்டு யானைகளோடு வாழும் பெண்களைப் படமெடுப்பதுதான் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். நேற்று தாளவாடிப் பக்கம் ஒரு ராகிக் கொல்லையில் முதல் படத்தை எடுத்துவிட்டேன்.