ஹைட்ரோ தனி

"வாடகைக்கு பேஸ்மென்ட் அறை. மீன் சமைக்கலாம். ஹைட்ரோ தனி."

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த இந்த விளம்பரத்தில் மொத்தம் ஏழு சொற்கள். ஏழும் எனக்கு விளங்கின. அதுதான் வில்லங்கம். ஒரு சொல்லாவது விளங்காமல் இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பேன்.

சாவகச்சேரியில் பதினேழு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். ஹைட்ரோ என்றால் கிரேக்க மொழியில் தண்ணீர் என்று ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்தில் கரும்பலகையில் எழுதியவன். ஆகவே தண்ணீருக்குத் தனிக் காசு, மற்றதெல்லாம் வாடகைக்குள் அடக்கம் என்று கடை வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். குளிர் நாட்டில் சூடு மனித உரிமையாகத்தான் இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

டிசம்பர் முதலாம் திகதி குடிபுகுந்தேன். வீட்டுக்காரர் ஞானேஸ்வரி அக்கா. தொண்ணூற்றொன்றில் வந்தவர், ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்து அந்த வீட்டை வாங்கியவர். அவர் மேலே, நாங்கள் கீழே. சாவியைத் தரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஹைட்ரோவைப் பாத்துப் பாவியுங்கோ, தம்பி. இந்த வீட்டில கீழுக்குத் தனி மீற்றர்."

"அதை என்னட்ட விடுங்கோ, அக்கா" என்றேன்.

கீழே மற்ற அறையில் இருந்தவர் றெஜினோல்ட். குருநகர்க்காரர், நாற்பது வயது, மீன் கடையில் மீன் வெட்டும் வேலை. என்னைவிட ஒரே ஒரு கிழமைதான் மூத்த கனடாக்காரர். மீன் வெட்டுகிறவருக்கு வேலை முடிந்து வந்ததும் என்ன தேவை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் அவருக்கு ஒரு வாளி என்று அளந்துவிட்டேன். எனக்கும் ஒரு வாளி. நீதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே. அரிசி கழுவிய தண்ணீரில் கோப்பை கழுவினோம். கோப்பை கழுவிய தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றினோம். குளிக்கும் குழாயைத் திறக்கக் கூடாது என்று அதன் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவைத்தேன்.

மூன்றாம் நாள் றெஜி தயங்கித் தயங்கி, ஹைட்ரோ என்றால் கரண்ட் என்று தன் கடையில் சொல்கிறார்கள் என்றார். மீன் கடையில் மீனைப் பற்றிச் சொன்னால் கேட்கலாம், கிரேக்கத்தைப் பற்றிச் சொன்னால் கேட்கக் கூடாது என்றேன். ஹைட்ரஜன், ஹைட்ரோகார்பன் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். பாவம், நம்பிவிட்டார். பதினேழு வருடத்தில் என்னை முழுதாக நம்பிய ஒரே மாணவர் அவர்தான்.

இன்னொரு பக்கத்தில் நாங்கள் மன்னர்களாக வாழ்ந்தோம். சுவரோரத்துச் சூடாக்கிகளை இருபத்தெட்டில் வைத்திருந்தேன். காலுக்கு இன்னொரு சின்னச் சூடாக்கி வாங்கினேன். நிலத்தடி இருட்டு என்று ஆறு விளக்கும் பகலிரவாக எரிந்தன. இவ்வளவு சூட்டில் மீன் மணம் தலைக்கு ஏறியதால் ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்தோம். வெளியே பனி கொட்ட, உள்ளே நான் சாரத்தோடு பெனியன்கூட இல்லாமல் இருந்து, வெட்டித் தள்ளுகிறேன் கனடாவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒருநாள் அக்கா படியிறங்கி வந்து ஆறு சவர்க்காரக் கட்டிகளை மேசையில் வைத்தார். மலிவாகப் போட்டிருந்தார்கள் என்றார். நல்ல மனம் என்று நினைத்தேன். மூன்று கிழமையாகத் தண்ணீர் ஓடுகிற சத்தமே கேட்காத ஒரு வீட்டுக்காரரின் கவலை அது என்று அப்போது தெரியவில்லை.

இனி, என் மனைவி சுகிர்தா. யாழ்ப்பாணத்தில் கல்வித் திணைக்களத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர். அவரும் மகளும் வைகாசியில் வருவதாக ஏற்பாடு. அதற்கு ஐந்து வருடச் சம்பளமற்ற லீவுக்கு ஜனவரி பதினைந்துக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கதிரை வேறு ஒருவருக்குப் போய்விடும். திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே விருப்பத்துக்குத் தன்னால் வர முடியாது, கணக்குச் சரிவந்தால்தான் வரலாம் என்று சொல்லி, ஒரு மாதச் செலவை எழுதி அனுப்பச் சொன்னார்.

எழுதினேன். றெஜி சித்திரையில் மொன்றியலில் உள்ள தமையனிடம் போக இருந்ததால் முழு பேஸ்மென்ட்டையும் நாங்களே எடுப்போம்: வாடகை 1450. சாப்பாடு 600. பஸ் 160. தொலைபேசி 50. கடைசி வரியில், கொஞ்சம் பெருமையோடு, ஹைட்ரோ 30. ஆக 2290. கேக் பெட்டிகளுக்கு மூடி போடும் தொழிற்சாலையில் என் கைக்கு வருவது 2400. மாதம் 110 டொலர் மிச்சம். அதை டொலருக்கு 215 இலங்கை ரூபாய் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தேன். அந்த நாட்களில் நான் கோப்பியைக்கூடப் பெருக்காமல் குடித்ததில்லை.

சுகிர்தா பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார். பனி கொட்டுகிற நாட்டில் சூட்டுக்கு ஏன் ஒரு வரி இல்லை? அது இங்கே இலவசம் என்றேன். ஓகோ என்றார். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் ஓகோ என்றால் என்ன அர்த்தம் என்று பதினான்கு வருடக் குடித்தனத்தில் நான் கற்றிருக்க வேண்டும்.

ஜனவரி பத்தாம் திகதி, சனிக்கிழமை காலை, அக்கா கையில் ஒரு கடிதத்தோடு இறங்கி வந்தார். சூட்டில் அவருடைய கண்ணாடி புகை பிடித்துவிட்டது. கழற்றித் துடைத்தார்.

"தம்பி, கீழ என்ன, கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கிறியளோ?"

வாங்கிப் பார்த்தேன். டிசம்பர் மாதத்துக்கு 512 டொலர்.

"அக்கா, இது பிழையான பில். நாங்கள் நாளுக்கு ரெண்டு வாளிதான் பாவிக்கிறம்."

"ஹைட்ரோவை வாளியிலயோ அளக்கிறியள்?"

"ஹைட்ரோ எண்டா தண்ணியெல்லோ."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஆறுதலாகப் பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீர் நிற்கும் சட்டியைப் பார்த்தார். குழாயின் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார்.

"ஹைட்ரோ எண்டா கரண்ட், தம்பி. அந்தக் காலத்தில அருவியில இருந்து எடுத்ததாம், அந்தப் பேரே நிண்டிட்டுது."

"அப்ப தண்ணிக்கு என்ன பேர்?"

"தண்ணிக்குத் தண்ணி எண்டுதான் பேர். அது என்ர பில்லில போகுது. நீங்கள் சமுத்திரமாக் குளிச்சாலும் ஒரு சதம் கேக்கமாட்டன்." பிறகு எட்டிப்போய் ஜன்னலை அறைந்து சாத்தினார். "இருபதில வைச்சு, இதையும் பூட்டினா அரைவாசியும் வராது."

றெஜி தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மாஸ்டர்" என்றார், "ஒரு மாசமா பஸ்ஸில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை. நான் அது இஞ்சத்தைப் பழக்கமாக்கும் எண்டு நினைச்சன்."

சொல்லிவிட்டு, குழாயில் கட்டிய துணியை அவிழ்த்து என் கையில் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். முக்கால் மணித்தியாலம் பாட்டுச் சத்தம் கேட்டது.

எனக்கு வேறு கவலை. முப்பது என்று எழுதிய இடத்தில் 512. மிச்சம் 110 இருந்த இடத்தில் இப்போது 372 குறைகிறது. பதினைந்தாம் திகதிக்கு இன்னும் ஐந்து நாள். யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம், கடிதம் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நேரமிருந்தது. சொன்னால் மனைவியும் மகளும் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் வந்து அந்தப் பில்லைப் பார்ப்பார்கள். எது பெரிய அவமானம் என்று தெரியாமல் சுகிர்தாவின் தொலைபேசி எண்ணை அழுத்தினேன்.

"சுகிர்தா, அந்தப் பட்டியலில ஒரு சின்னத் திருத்தம்."

"ஹைட்ரோவோ?"

"கடிதம் குடுத்திட்டீரோ?"

"போன திங்களே குடுத்தாச்சு."

கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு ஒன்றும் மறைக்கவில்லை. வாளி, துணி, கிரேக்கம், 512 எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கடதாசி புரளும் சத்தம்.

"இஞ்ச பாருங்கோ. உங்கட பட்டியல் அஞ்சு வரி. என்ர பட்டியல் ஆறு வரி."

"ஆறாவது என்ன?"

"'அவர்' எண்டு போட்டிருக்கிறன். ஐந்நூறு."

கலியாணம் முடித்த மாதத்திலிருந்து அந்த வரி இருக்கிறதாம், தொகைதான் மாறிக்கொண்டிருக்கிறதாம். நாடு பெரிது என்பதால் இந்தமுறை கூட்டிப் போட்டாராம். அப்படியென்றால் காசு போதாதே என்றேன்.

"என்ர சம்பளத்தையும் சேத்துத்தான் கணக்குப் போட்டனான். நான் என்ன அங்க குந்தியிருக்கவோ வாறன்?" கடதாசி இன்னொருமுறை புரண்டது. "நானூற்று எண்பத்திரண்டு கூடிப்போச்சு. பதினெட்டு டொலர் மிச்சம் கிடக்கு. பத்திரமா வையுங்கோ, அடுத்த பிழைக்கு உதவும்."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. றெஜி வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். குழாயை முழுதாகத் திறந்தேன். சுடுதண்ணீர் தலையில் கொட்டியது. அக்காவின் சவர்க்காரத்தைத் தலை நிறையப் போட்டு நுரைக்கவைத்தேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தண்ணீர் அக்காவின் கணக்கு. சரி. இதைச் சுடவைப்பது எது?

விடை எனக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. வெப்பக் கொள்ளளவு, சக்திக் காப்பு என்று ஏதோ வாய்வரை வந்தது. குழாயைப் பூட்டினேன். சாரத்தைச் சுற்றிக்கொண்டு, நுரை கண்ணில் வழிய, படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, சுடுதண்ணி எதில சுடுது?"

"காஸ், தம்பி. அதுவும் என்ர கணக்குத்தான்" என்றார் அக்கா. "முதல்ல போய்த் தலையைக் கழுவுங்கோ."