அண்ணன் படம் தெரியும் தூரம்

எந்தப் புது போன் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது திரையைத்தான். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி, எவ்வளவு தள்ளிப் பிடித்தால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது, இதையெல்லாம் சோறு துன்னும்போதுகூடப் பேசுவேன். அண்ணன் கேட்டுக்கினே இருப்பான்.

"மூஞ்சில ஒட்டிக்கினு பாக்கறதுக்காடா போன் வாங்கறாங்க? கைய நீட்டிப் பாரு, எல்லாம் ஒண்ணுதான்."

பாதி சரிதான். கை நீளத்துக்குப் போனால் சுமாரான திரையும் நல்ல திரையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

புத்தூர் சாலையில் லாரி மோதி அண்ணன் இறந்தான். சட்டைப்பையில் இருந்த போனும் நொறுங்கிவிட்டது. அவன் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன. எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று, திருமலை அடிவாரத்து அலிபிரியில் மலையேறக் கிளம்பும் முன் அவனே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஆனாலும் என் திரையில் பல் தெரியச் சிரிக்கிறான், புருவத்துத் தழும்புகூடத் தெரிகிறது.

காரியத்துக்குப் பேனர் கட்டவேண்டும் என்றார் மாமா. நகரியில் எங்கள் தெருவில் அது மரியாதை.

"சின்னதா வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? சுவர் அளவுக்கு அடி."

"இந்தப் படம் அவ்ளோ பெருசுக்குத் தாங்காது மாமா. ஒடைஞ்சிடும்."

"ஒடையறதுக்கு அது என்ன கண்ணாடியாடா?"

நான் வேலை பார்க்கும் திருப்பதியில் பேனர் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "தூரம் நுஞ்சி சூஸ்தே பாகுண்டுந்தி தம்முடு" என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாக இருக்குமாம். எனக்குத் தெரியாததா.

தெருமுனையில் கட்டினோம். "அப்டியே உயிரோட நிக்கறான்" என்றார்கள் வந்தவர்கள். அதைக் கேட்டு அம்மா கிட்டே போனாள். போகப் போகச் சிரிப்பு கலைந்தது. ஒட்டி நின்றபோது அவள் முன்னால் வெறும் பழுப்புக் கட்டங்கள். கண் எங்கே என்று கையால் தடவித் தேடினாள்.

"எங்கடா போய்ட்டான்?"

"பின்னாடி வாம்மா. தள்ளி நின்னா தெரிவான்."

"பெத்தவ தள்ளி நிக்கணுமா?"

காரியம் முடிந்ததும், தெருவில் எல்லாரும் செய்வதுபோல, பேனரைக் கொட்டகைக் கூரைமேல் போர்த்த எடுத்தார் நைனா. அம்மா விடவில்லை. வாசலுக்கு நேரான உள்சுவரில் அடிக்கச் சொன்னாள். எங்கள் வீடு ஒரே அறை, அதிலும் பாதி பவர்லூம். வாசற்படி வரை பின்வாங்கினாலும் அண்ணன் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தான். போனில் காட்டினேன். "கட்டைவிரல் அளவுதான்டா இருக்கான்" என்று இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அங்கேயும் உடைந்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திருப்பதியிலிருந்து ஞாயிறு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். சாயங்காலம் விளக்கைப் போட்டு, கதவை முழுசாகத் திறந்துவிட்டு, அம்மா தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரோரம் போய் நிற்கிறாள். நடுவில் ஆட்டோ போகும், நூல் மூட்டை ஏற்றிய வண்டி போகும். அது நகரும்வரை காத்துக்கினு இருந்து மறுபடி பார்க்கிறாள்.

போன வாரம் உள்ளே கூப்பிடலாம் என்று வாசலில் போய் நின்றேன்.

"நவுருடா," என்றாள். "மறைக்கற."