கணினிக்குத் தெரியாத ஓடை

துறைமுக அலுவலகத்தில் அவளைத் 'தண்ணி மேடம்' என்பார்கள். கப்பல் கால்வாயை ஆழப்படுத்தி அகலமாக்கினால் கடல்நீர் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. எங்கும் ஆபத்தில்லை என்று அவள் கொடுத்த முடிவை நம்பித்தான் தூர்வாரும் கப்பல் வந்து நின்றது.

அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீடு திரும்புகிற ரகம் அவள். தண்ணி ஏறுதோ இல்லையோ, அக்காவுக்கு பிரஷர் ஏறிடும் என்பார் தங்கை புருஷன்.

ஒரு விடுமுறையில் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்படிக்கட்டுக்குப் போனாள். கீழே ஒடுக்கமான ஓடை. தூரத்துக் கால்வாயில் ஒரு கப்பல் கடந்தது. சற்று நேரத்தில் ஓடைத் தண்ணீர் உள்வாங்கி, பிறகு படியை நக்கிக்கொண்டு மேலே வந்தது. அப்படியானால் இந்த ஓடை கால்வாயோடு சேர்ந்திருக்கிறது. அவள் கணினியில் இந்த இடம் வெறும் தரை. கணக்கு சீக்கிரம் முடியட்டுமென்று வரைபடத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்திருந்தாள். ஒரு கட்டத்தின் அகலம்கூட இல்லாத ஓடை அதில் விழவே இல்லை.

கட்டங்களைச் சிறிதாக்கி மறுபடி ஓட்டினாள். கால்வாய் அகலமான பிறகு, கடல் பொங்கும் நாளில் தங்கை வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சொந்தக்காரங்க வீடுன்னதும் தண்ணி ஏறுதாம்மா?"

இப்போது இருக்கிற கால்வாய்க்காவது புதுக் கணக்கு சரியாக வருகிறதா, முதலில் அதைக் காட்டு என்றார். அந்தக் கணக்குப்படி அமாவாசையன்று ஓடை மேலிருந்து இரண்டாவது படியைத் தொட வேண்டும். தொடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு தங்கையோடு பின்வாசலில் நின்றாள். தன் கணக்கு பொய்த்துப் போக வேண்டுமென்று அவள் ஆசைப்பட்டது அன்றுதான். தண்ணீர் படிப்படியாக ஏறி, இரண்டாவது படியை நனைத்து, அங்கேயே நின்றது.

"அதான் நின்னுடுச்சேக்கா. அப்புறம் என்ன?" என்றாள் தங்கை. "இந்தக் கணக்கு சரின்னா, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணியும் சரிதான்டி" என்றாள் அவள்.

அவள் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு போன் போட்டாள். வேலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறேன் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்றார்.

"வீடு மாறிடுங்கடி" என்றாள் தங்கையைப் பார்த்து.

தங்கை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். எந்த அலமாரியை முதலில் தூக்குவது என்று கேட்டாள்.